மூணே மூணு சுத்து

பல்கலைக்கழகத் தோட்டத்து மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்து ஓய்ந்தபோது ஓடத் தொடங்கியவள், முதற்சுற்றை முடித்து வாயிலை நெருங்குகையில், அது மீண்டும் பன்னிரண்டு அடித்தது. பல்கலைக்கழகத்தைப் போலவே அதற்கும் இருநூறு வயது. புத்தி தடுமாறுகிறது போலும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டாள்.

நூலகத்தில் அவளுக்கு மதிய இடைவேளை ஒரு மணி வரை. பள்ளி அரைநாளோடு விட்டுவிட்டதால், ஆறு வயது மகளை வாயிலருகே பாதையை ஒட்டிய புல்வெளியிலிருந்த கல் இருக்கையில் அமர்த்திவிட்டு வந்திருந்தாள்.

"மூணே மூணு சுத்துடி. வந்து அந்தப் பல்லைப் புடுங்கி விடறேன்."

"நீதான் புடுங்கணும். வேற யாரையும் தொட விடமாட்டேன்" என்று ஆடும் முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டியிருந்தாள் மகள்.

பூஞ்செடிகளை வெட்டிச் சீர்செய்துகொண்டிருந்த தோட்டக்காரரும் தம் பங்குக்குக் குரல் கொடுத்திருந்தார்: "லைப்ரரிம்மா, புல்லுல கால் வைக்காதீங்க! உங்க புத்தகத்துல நாங்க கிறுக்குறோமா?"

இளவேனில் வெயில் இதமாக முதுகில் விழ, தேனீக்களின் ரீங்காரமும் சரளைக் கற்கள் நெரிபடும் ஓசையும் மூச்சோடு இழைய, இருக்கையைக் கடக்கையில் திரும்பிப் பார்த்தாள். மகள் கையசைத்துச் சிரித்தாள். ஆடிய பல் இருந்த இடத்தில் புதுப்பல் ஒன்று, முழுதாக வளர்ந்திருந்தது.

"தானா விழுந்துடுச்சும்மா!"

நின்று பார்த்திருக்கலாம். ஆனால் அன்றுதான் கைக்கடிகாரம் அவள் ஓட்டத்துக்கு நல்ல வேகம் காட்டியது. வெயிலில் கண் கூசியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு ஓடினாள்.

இரண்டாம் சுற்றில் தேனீக்களின் ஓசை அடங்கியிருந்தது. மலர்களின் மணத்தினூடே ஈர மண்ணின் வாடை புகுந்தது. தோட்டக்காரரின் கத்தரி அதே இடத்தில் கிடந்தது. துருவேறி, கொடி சுற்றி. அவரைக் காணவில்லை.

மணி மீண்டும் பன்னிரண்டு.

இருக்கையில் ஒரு பெண் அமர்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். ஊஞ்சலிலிருந்து விழுந்து மகளுக்கு ஏற்பட்ட தழும்பு, அவள் முகவாயில், அதே இடத்தில்.

"ஏம்மா நிக்கவே மாட்டேங்கற?"

நிற்க முயன்றாள். கால்கள் நிற்கவில்லை. புல்லை நோக்கி உடலைச் சாய்த்தாள். கால்கள் சரளையை விட்டு இறங்கவில்லை. மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மூச்சிரைப்பு மட்டுமே வெளிவந்தது.

மூன்றாம் சுற்று. இது முடிந்தால் நின்றுவிடலாம். சொன்னது மூன்றுதானே. முடிந்தால் போதும். முடிந்தால்.

வளைவு. வாயில். பன்னிரண்டு அடிகள்.

இருக்கையில் ஒரு கிழவி. பஞ்சாய் நரைத்த தலை. முகவாயில் தழும்பு. அம்மாவைக் கண்டதும் ஆறு வயதுக் குழந்தையாய் முகம் மலர்ந்தாள். எஞ்சியிருந்த ஒற்றைப் பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினாள்.

"அம்மா, இதுவும் ஆடுதும்மா. இதையாவது நீ புடுங்கி விடு."

ஓடியபடியே தாய் கை நீட்டினாள். இருவர் விரல் நுனிகளுக்கும் இடையே ஒரு முழம். கால்கள் மகளைக் கடந்து அவளை இழுத்துச் சென்றன.

சரளை. மூச்சு. வளைவு.

பன்னிரண்டு.

மரங்களெல்லாம் புதிதாகப் பூத்திருந்தன. வெயில் உச்சியில் அசையாமல் நின்றது. ஆளில்லாத கல் இருக்கையின் மேல், ஒற்றைப் பல்.