பதினோரு முட்டைகளும் ஒரு மாவுப் பேசினும்

சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்குப் பதினோரு முட்டைகளும் கறுத்திருந்தன.

தீப்திக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அம்மா! எல்லாம் கறுத்துடுச்சு!"

"அழுகிப்போச்சா?"

"இல்லம்மா. இந்த மீனுக்கு நல்ல முட்டைதான் கறுக்கும். வெள்ளையானாத்தான் போச்சு."

"சந்தோஷம். என் மாவுப் பேசின் எப்போ கிடைக்கும்?"

"நாளைக்குப் பொரிஞ்சிடும்."

"ரெண்டு நாளா வீட்டுல இட்லி இல்ல. உங்கப்பா வெறும் பிரெட்டைத் தின்னுட்டு ஹவுராவுக்கு வேலைக்குப் போறார். மீனுக்கு மட்டும் ராஜ உபசாரம்."

டாலிகஞ்சில் இரண்டாம் மாடி வீடு. கூடத்துத் தொட்டியில் இரண்டு ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சி மீன்கள். காய்ந்த இலைபோல நீரின் மேலேயே அசையாமல் கிடக்கும். பூச்சி விழுந்தால் மட்டும் 'டப்' என்று பாயும். அப்போது துடுப்பு இறக்கைபோல விரியும்.

முட்டையும் மேலேயே மிதக்கும். போன மாதம் தீப்தி அதைத் தொட்டியிலேயே விட்டுவிட்டாள். காலையில் ஒன்றுகூட இல்லை. பெற்ற மீன்களே தின்றுவிட்டன. இந்த முறை ஒவ்வொன்றாகக் கரண்டியில் அள்ளிப் பேசினில் விட்டு, பால்கனியில் வைத்திருந்தாள்.

அழைப்புமணி அடித்தது.

கொசு ஒழிப்பு ஊழியர் ஷிப்ராதி. வாரம் ஒருமுறை வந்து, எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று பார்ப்பவர். கையில் டார்ச். புடவை முழங்கால்வரை மழையில் நனைந்திருந்தது. நேராகப் பால்கனிக்குப் போனார்.

"இது என்ன?"

"மீன் முட்டை, ஷிப்ராதி." தீப்திக்குத் தமிழைவிட வங்காளம்தான் வேகமாக வரும்.

"தேங்கின தண்ணி. கொட்டணும்."

"ஐயோ, சுத்தமான தண்ணி!"

ஷிப்ராதி டார்ச் அடித்தார். பேசின் ஓரத்தில் ஒரு சின்ன நூல் நெளிந்தது.

"இதுவும் உன் மீனா?"

கொசுப்புழு. தீப்தியின் முகம் சுண்டிப்போனது.

"அடுத்த பில்டிங்ல ரெண்டு பிள்ளைங்களுக்கு டெங்கு. இந்தத் தண்ணி ஏது?"

குழாய்த் தண்ணீர் என்று சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. தீப்தி அதை விழுங்கிக்கொண்டாள்.

"மழைத் தண்ணி. இந்த மீனுக்கு அதுதான் ஒத்துக்கும். மொட்டை மாடியில ஒரு வாளி இருக்கு. டேங்குக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன்."

"துணி அலசற நீல வாளியா?" என்றாள் அம்மா. "அது தொலைஞ்சுபோச்சுன்னு நினைச்சேனே!"

ஷிப்ராதி பேசினைப் பிடித்துத் தூக்கினார். கறுப்பு முட்டைகள் ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடின.

"ஷிப்ராதி, நானே கொட்டறேன்! வாளியையும் நானே கவிழ்க்கறேன். முட்டையை மட்டும் வேற டப்பாவுக்கு மாத்திக்கறேன். தொட்டித் தண்ணி ஊத்தி, மேல வலை கட்டிடறேன்."

"தொட்டித் தண்ணியில மட்டும் புழு இருக்காதா?"

தீப்தி நெளியும் புழுவைக் கரண்டியில் அள்ளினாள். கூடத்துக்குப் போய்த் தொட்டியின் மூடியைத் திறந்து, புழுவை உள்ளே விட்டாள்.

டப்.

ஷிப்ராதியின் உதடு லேசாகக் கோணியது. அது சிரிப்புத்தான்.

"இன்னும் பதினாலு வீடு இருக்கு எனக்கு."

"பத்தே நிமிஷம்."

"அஞ்சு."

அம்மா பழைய கொசுவலையில் ஒரு துண்டு வெட்டினாள். தீப்தி முட்டைகளை அள்ளத் தொடங்கினாள். நாலாவது முட்டை இருமுறை நழுவியது. ஷிப்ராதி பக்கத்தில் குந்தி, டார்ச்சைப் பிடித்தார்.

"ஒன்பது," என்று அவரே எண்ணினார். "பத்து. அதோ, உன் வளையல் நிழல்ல இன்னொண்ணு."

டப்பாவின்மேல் வலையைப் போட்டு, தலைமுடி ரப்பரால் இறுக்கினாள் தீப்தி. பேசினைக் கொட்டினாள். மொட்டை மாடிக்கு ஓடி, வாளியைக் கவிழ்த்தாள். சிமெண்டுத் தரையில் புழுக்கள் துள்ளி அடங்கின. அவ்வளவு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"அடுத்த சனிக்கிழமை பார்ப்பேன்," என்றார் ஷிப்ராதி. "ஒரு புழு இருந்தாலும்..."

"நானே கொட்டிடுவேன்."

அடுத்த சனிக்கிழமை வீடெல்லாம் இட்லி வாசனை. ஷிப்ராதி செருப்பைக் கழற்றியதும் டப்பாவிடம்தான் போனார். வலைக்கு மேலே டார்ச் அடித்தார். கடுகுக்கு வால் முளைத்ததுபோல ஏழு குஞ்சுகள். புழு ஒன்றுகூட இல்லை.

"நாலு பொரியல," என்றாள் தீப்தி.

"ஏழு பொரிஞ்சிருக்கே."

ஷிப்ராதி நோட்டில் எழுதினார். பிறகு அம்மா பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். உள்ளே ஏகப்பட்ட நூல்கள் நெளிந்தன.

"மூணாம் மாடிப் பூந்தொட்டியில பிடிச்சேன். தரையில கொட்ட மனசு வரல. உன் பெரிய மீனுங்க காலையில சாப்பிட்டாச்சா?"