பங்குச்சூடு

காலையில் எழுந்ததும் ஹெலன் முதலில் பாய்லருக்குத் தீனி போட்டாள். தைலமரத் தூள்கட்டிகள். அது பற்றிக்கொண்டதும் உள்ளறையில் அவள் கணவன் ஆல்பர்ட் இருமத் தொடங்கினான். இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும்.

குன்னூரில் பனிக்காலம் எட்டு மாதமாக நீண்டபின் வீடுகளுக்கு இரண்டே வழிகள். சொந்தமாக எரிக்கும் பாய்லர். அல்லது மண்ணின் சூட்டை உறிஞ்சித் தரும் வெப்ப எக்கி. எக்கியில் புகை கிடையாது. ஆனால் தெருவுக்கு அடியில் மண் ஒன்றுதான். அதன் சூட்டைப் பங்குச்சூடு என்றார்கள். புதிதாக ஒரு வீடு சேர்ந்தால் மற்ற வீடுகள் சற்றுக் குளிரும். குழாய் முடிகிற கடைசி வீடு அதிகம் குளிரும்.

கடைசி வீட்டில் ரோகிணி இருந்தாள். அவள் குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை.

"இன்னிக்குத்தானே கை வைக்கிறாங்க?" என்றான் ஆல்பர்ட்.

"ஆமா."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? இன்னொரு பனிக்காலம் இந்தப் புகையில..." மீதியை இருமல் விழுங்கியது.

"இருக்குங்க. பேசாம படுங்க."

அவன் படுத்தான். அவளால்தான் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

சம்மதம் கேட்க அந்தத் தெருவில் ஒரு முறை இருந்தது. மண்சூட்டைக் கொண்டுவரும் பெருங்குழாயைச் சுற்றி வீட்டுக்கு ஒருவர் நின்று அதன்மேல் வெறுங்கையை வைப்பார்கள். எக்கிக்காரர் புது வீட்டின் குழாய்த்திருகைத் திறப்பார். குழாய் குளிர்வது எல்லார் கைக்கும் தெரியும். தாங்காது என்பவர் கையை எடுத்துவிடலாம். ஒரு கை விலகினாலும் அந்த வீட்டுக்கு எக்கி கிடையாது. இதுவரை ஒருவரும் எடுத்ததில்லை. அன்று எக்கி கேட்டு நின்றது ஹெலனின் வீடு.

"இந்தத் தெருவுல பாய்லர் வச்சு சுடச்சுடக் குளிக்கிற ஒரே ஆளு நீங்கதான். அதையும் விடுறீங்களாம்மா?" என்றார் எக்கிக்காரர் பாஷா ஹெலனிடம். எல்லாரும் சிரித்தார்கள்.

ரோகிணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "அண்ணனுக்கு எப்படிக்கா இருக்கு?"

"அப்படியேதான்."

"இனிமே சரியாயிடும்."

பாஷா திருகைத் திறந்தார். குழாய் குளிர்ந்தது. "யப்பா!" என்றார் யாரோ. ஹெலன் ரோகிணியின் கையை மட்டும் பார்த்தாள். விரல்கள் வெளுத்தன. மற்றக் கையால் அவள் குழந்தையின் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டாள். எடு, என்று ஹெலன் மனதுக்குள் சொன்னாள். எடுத்துவிடு.

ரோகிணி சிரித்தாள்.

ஹெலனின் கையும் குழாயின் மேல்தான் இருந்தது. அவளும் எடுக்கலாம். எடுக்கவில்லை.

"முடிஞ்சுது" என்றார் பாஷா.

பாய்லர் அணைந்தது. ஆல்பர்ட்டின் இருமல் குறைந்தது. ஒரு வாரத்தில் வாசல்வரை நடந்தான். அன்று மாலை கதவு தட்டப்பட்டது. ரோகிணி. குழந்தைக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர்.

"சும்மாதான்க்கா. கொஞ்ச நேரம் உட்காந்துட்டுப் போறேன்."

சுவரோரம் உட்கார்ந்து குழந்தையின் ஸ்வெட்டர்களைக் கழற்றினாள். குழந்தை கைகால்களை உதறியது. குளிரைப் பற்றி யாரும் பேசவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும்.

"தினமும் வருவாளா?" என்று ஆல்பர்ட் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"வரட்டும்."

பிறகு ஒரு மாலை யாரும் தட்டவில்லை. ஹெலன் ஜன்னலுக்குப் போனாள், வாசலுக்கு வந்தாள். கதவைத் திறந்து நின்றாள்.

"சாத்து ஹெலன். சூடு போகுது."

அவள் சால்வைகூட எடுக்காமல் தெருவில் இறங்கிக் கடைசி வீட்டை நோக்கி நடந்தாள். நடை போதவில்லை; ஓடினாள்.