பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி ஷூ

"என் படத்துல ஒரு ஆளைக் காணோம் சார்!" என்றபடி சர்வேயர் வீட்டுக்குள் வந்தாள் நர்ஸம்மா.

குழந்தைகள் வார்டுக்குக் கட்டில் வாங்குவதற்காக மணிக்கூண்டு, பாலம், ரயில் நிலையம் என்று ஊரின் அடையாளங்களைக் கரிக்கோட்டில் வரைந்து, ஆஸ்பத்திரிக் கூடத்தில் விற்பனைக்கு வைத்திருந்தாள். இன்று ஞாயிறு; சாயங்காலம் திறப்பு. ரயில் நிலையப் படத்தில், பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மனிதர் மட்டும் இன்று காலை மாயமாகியிருந்தார்.

"படம் மாட்ட வந்த போட்டோக்காரர்தான் மாமா. பொறாமை!" என்றான் மச்சினன். எந்த வழக்கையும் அரை நிமிடத்தில் முடித்துவிடுவது அவன் வழக்கம். அவன் அக்கா கணவரோ இருபது வருட இன்சூரன்ஸ் சர்வேயர். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நேற்று மாலை படங்களை மாட்டியவர்கள் மூவர்: போட்டோக்காரர், பிரேம் கடைக்காரர், தினமும் காலை எட்டரை ரயிலில் ஆபீஸ் போகிற 'மானேஜர்'. மூவரும் கூடத்தில்தான் இருந்தார்கள். படங்களுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை.

"கரிக்கோட்டை எதால அழிப்பீங்க?" என்று நர்ஸம்மாவிடம் கேட்டார் சர்வேயர்.

"பிரெட்டோட நடுப்பகுதியால ஒத்தி எடுப்பேன் சார். நேத்து பேச்சுவாக்குல இவங்ககிட்டயும் சொன்னேன்."

குப்பைக்கூடையில் பிரெட்டின் ஓரங்கள் மட்டும் கிடந்தன. சர்வேயர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மானேஜரை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துப் போனார். மச்சினன் ஒட்டிக்கொண்டான்.

"பொறாமைக்காரன் படத்தையே கிழிச்சிருப்பான். இதை அழிச்சவர் பலகைக் கோடு கூடக் கெடாம ஒத்தி எடுத்திருக்கார். ஆனா பெஞ்சுக்கு அடியில இருந்த லேஸ் ஷூவை மறந்துட்டார். ரயிலுக்குக் காத்திருக்கிறவன் ஷூவைக் கழட்டி ஜோடியா வைப்பானா? நாள் பூரா உட்காரப் போறவன்தான் வைப்பான். படத்துல கடிகாரம் பதினொண்ணு காட்டுது. உங்க மூணு பேர்ல லேஸ் ஷூ போடுறவர் நீங்க ஒருத்தர்தான்."

மானேஜர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வேலை போய் மூணு மாசமாச்சு சார். வீட்ல சொல்லல. சாயங்காலம் அவ வர்றா. என் முதுகைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவா. டிபன் பாக்ஸ்ல பிரெட் மிச்சமிருந்துச்சு..."

மச்சினன் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். குற்றவாளியைப் பிடித்த சந்தோஷம் துளிகூட வரவில்லை.

"நீங்களே சொல்லிடுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார் சர்வேயர்.

சாயங்காலம் மானேஜரின் மனைவி அந்தப் படத்தின் முன்னால்தான் முதலில் நின்றாள். மானேஜர் பக்கத்தில் போய் நின்றார். "ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

அவள் கண்ணை எடுக்காமல் மெல்லச் சொன்னாள்: "ஷூவை இப்படி விட்டா யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"மடியில வச்சுச் சாப்பிடச் சுலபமா இருக்கட்டும்னுதானே மூணு மாசமா பிரெட் வைக்கிறேன்?"

சர்வேயர் மச்சினனின் முழங்கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

"வாடா. நமக்கு முன்னாடியே ஒருத்தங்க துப்புத் துலக்கிட்டாங்க."