ஒன்பதாம் எண்ணின் வாய்

காலையில் காப்பி சுடவில்லை. டம்ளரில் ஆவி பறந்தது, விரல் நுனி காந்தியது, தொண்டைக்குள் சூடாகத்தான் இறங்கியது. உதட்டில் மட்டும் எதுவும் பட்டதாகவே தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த மனைவிதான் பதறினாள்.

"ஐயையோ, உதடு கொப்புளிச்சுப் போச்சு! ஊதிக் குடிக்கக் கூடாதா?"

"வலிக்கலையே" என்றான். கொப்புளத்தைக் கிள்ளிப் பார்த்தான். யாருடைய உதட்டையோ கிள்ளியதுபோல் இருந்தது. பயம்கூட வரவில்லை.

"வலிக்கலையே" என்றாள் மகளும், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில்.

ஏழு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அப்பாவின் உதட்டைப் பார்த்துத்தான் அவளுக்கு உலகமே. கைச்சாடை காட்டிப் பழக்கினால் பேச்சு வராது, உதட்டையே பார்க்கட்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வீட்டில் சாடையே கிடையாது. அவளுக்காகத்தான் அவன் ஆசையாக வளர்த்த மீசையை மழித்தான். அவன் வாய் அசைந்தால் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, சொன்னபடியே செய்வாள். அம்மா சொன்னால் ஆயிரம் கேள்வி. அப்பா உதடு சொன்னால் சட்டம்.

அருங்காட்சியகத்தில் உடைந்த சிலைகளை ஒட்டும் வேலை அவனுக்கு. எந்நேரமும் பிளாஸ்டர் தூளில் வெளுத்துக் கிடப்பதால் அங்கே அவனுக்கு மைதா என்றே பெயர். அந்த வாரம் அவன் மேஜைக்கு வந்தவை பன்னிரண்டு முகங்கள். கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில், இனம் பிரிக்கிறேன் என்று தலை அளக்கும் துரை ஒருவர் மலையில் பிடித்த ஆட்களை மல்லாக்கப் படுக்கவைத்து, எண்ணெய் தடவி, மூக்கில் குழல் செருகி, உயிரோடு முகத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த அச்சுகள். பெயர் கிடையாது, எண்தான். இப்போது அந்த மலைக்காரர்களின் வாரிசுகள் முகங்களைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள்.

"தூசி மட்டும் தட்டுங்க மைதா. வேற எதையும் தொடாதீங்க" என்று கிடங்கு மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கேட்டானா மனுஷன்? ஒன்பதாம் எண்ணுக்கு வாய் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழி. உடைந்ததைக் கண்டால் அவன் கை சும்மா இருக்காது. குறைந்த உறுப்பைத் தன் உடம்பிலேயே அச்சு எடுத்து ஒட்டுவது அந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற குறுக்குவழி. எத்தனையோ சிலைகளுக்கு அவன் காது கொடுத்திருக்கிறான், கட்டைவிரல் கொடுத்திருக்கிறான். இரண்டு நாளைக்கு முன்னால், மூடிய தன் வாயை அச்செடுத்து வார்த்து, குழியில் பொருத்தி, ஓரம் தெரியாமல் தேய்த்துவிட்டான்.

இன்று போய்ப் பார்த்தால், அந்த வாய் திறந்திருந்தது.

கொஞ்சம்தான். ஒரு நகம் நுழையும் அளவு. கிடங்கில் எப்போதும் இருக்கும் ஈரச் சாக்கு வாடை, பழைய சுண்ணாம்பு வாடை, தலைக்கு மேலே மின்விசிறியின் கடகடப்பு, அதற்கும் அடியில் காதை வைத்துக் கேட்டால் மட்டும் கேட்கிற இன்னொன்று, மெல்லிய குழல் வழியாக யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவதுபோல ஒரு சத்தம். அவன் நின்றான். பிறகு போய் மேடத்தைக் கூட்டிவந்தான்.

"நான் மூடின வாய்தான் மேடம் வச்சேன்."

மேடம் திட்டவில்லை. துரையின் குறிப்பேட்டுக்கு வந்திருந்த மொழிபெயர்ப்பை எடுத்து வாசித்தார். "ஒன்பது. ஆண். பூச்சு இறுகும் முன் பேச முயன்றதால் வாய்ப் பகுதி கெட்டது. மூச்சு நின்றது. மற்றபடி அச்சு திருப்தி. பத்து. ஒன்பதின் மகள். சுமார் ஏழு வயது. அருகில் காத்திருந்தாள். எதிர்ப்பின்றி அடங்கினாள்."

"அவன் என்ன சொல்ல வந்தான்?"

"யாருக்குத் தெரியும்? முதல்ல அதைப் பேத்து எடுங்க."

உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். கீழுதட்டில் ஒரு சில்லு தெறித்தது. மேடம் வீலென்று அலறினார். அவன் சட்டையில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் உதட்டிலும் அதே இடம் பிளந்திருந்தது. வலி இல்லை. இன்னும் நாலு தட்டில் வாயே போய்விடும். வாய் போனால் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? உளியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

மனைவி கடைக்குப் போயிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சீருடையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். திறந்த கதவுக்கு வெளியே, பத்தடி தள்ளி, நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் அவள் எதிரில் உட்கார்ந்தான். இந்த உதட்டை நம்பி ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாயை இறுக மூடிக்கொண்டான். மூடிக்கொண்டதாக நினைத்தான்.

"எண்ணெய் தடவுறாங்க" என்றாள் மகள்.

அவன் வாயை இன்னும் இறுக்கிப் பார்த்தான்.

"கண்ணு, பயப்படாதே" என்றாள். அவளைக் கண்ணு என்று கூப்பிடுவது அவன்தான்.

சுவர்க் கண்ணாடியைப் பார்த்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. வெளிறிய உதடு. சத்தமே இல்லை. அது அசைவதே அவனுக்கு உறைக்கவில்லை.

"அடுத்தது நீதான். அவங்க கை என் மேல இருக்கு. இப்பவே ஓடு."

நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை.

"ஓடு கண்ணு. என்னைப் பாக்காதே. திரும்பியே பாக்காதே."

மகள் எழுந்தாள். வெறுங்காலோடு ஓடினாள். கதவு. படி.

அவன் பின்னால் பாய்ந்தான். நில்லு என்று கத்தினான். தொண்டையிலிருந்து வெறும் சத்தம்தான் வந்தது. யாருக்குக் கேட்கப் போகிறது? அவள் ஒரே ஒரு தடவை தயங்கித் திரும்பினாள். அவன் இரண்டு கையையும் வீசினான். போகாதே, நில், நில். சாடை பழகாத பிள்ளைக்கு அது போ, போ என்று இருந்தது. நடுவே அசையும் உதடு.

"ஓடு" என்றாள்.

அவன் கையால் வாயைப் பொத்தினான். அதற்குள் அவள் முதுகு காட்டிவிட்டாள். சாலை. ஹாரன். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவன் உள்ளங்கைக்குள் அந்த வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. ஈரமாக. குளிர்ச்சியாக. ஒரு தகப்பனின் அவசரத்தோடு.