கம்ப்யூட்டருக்கு மச்சான் கிடையாது!

"ஐயோ...! கொன்னுபோட்டாங்க...!"

சோளக்காடு சந்தையில் அந்த அலறல் எழுந்தபோது, சப்-இன்ஸ்பெக்டர் அர்த்தனாரி டீக்கடையில் இரண்டாவது போண்டாவை வாயருகே கொண்டுபோயிருந்தார்.

போண்டாவைக் கீழே வைத்தார். யோசித்தார். மறுபடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டே ஓடினார்.

2002 ஜூன் மாதத்துக் காலைப் பனி. எதிரே வருபவர் மனிதரா, மரமா என்று தெரியாத பனி. அதற்குள்...

பலாப்பழக் குவியலின் மேல் ஒரு உடல்!

மல்லாந்து கிடந்தது. தாடை வீங்கியிருந்தது. கால்கள் இரண்டும் வானத்தைப் பார்த்தன.

"செங்கோடன்!"

அவனைத் தெரியாதவர்கள் கொல்லிமலையில் இல்லை. தொழில்முறை குத்துச்சண்டைக்காரன். இந்த வட்டாரத் தரவரிசையில் முதலிடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னையில் அவனுக்குப் பெரிய மேட்ச்!

அர்த்தனாரி அவன் மூக்கருகே விரலை வைத்தார். மூச்சு வந்தது. கூடவே குறட்டையும் வந்தது.

"உசுரு இருக்கு! யாரும்மா கத்துனது?"

"நானுங்க." பலாப்பழ வியாபாரி ருக்குமணி முன்னால் வந்தாள். "குவியலுக்கு அந்தப் பக்கம் 'டம்'முனு ஒரு சத்தமுங்க. பறந்து வந்து என்ற பழத்து மேல உழுந்தாரு."

"உடனே கத்துனியா?"

"இல்லீங்க. மொதல்ல பத்து எண்ணுனனுங்க. எந்திரிக்கல. அப்பறந்தான் கத்துனேன்."

அர்த்தனாரி முறைத்தார்.

"எதுக்கும்மா பத்து எண்ணுனே?"

"பாக்ஸிங்குல அதுதானுங்களே மொறை! குப்புசாமி அண்ணனும் கூடவே எண்ணுனாருங்க. எட்டுக்கு அப்பறம் அவருக்குக் கொஞ்சம் தடுமாறிப்போச்சு."

"அடிச்சது யாரு?"

"அது பனியில தெரியலீங்க."

அர்த்தனாரி தொண்டையைச் செருமினார். தொப்பியைச் சரிசெய்தார். கூட்டத்தைப் பார்த்து, சிங்கம் மாதிரி உறுமினார்.

"யாருடா அடிச்சது...?"

"நான்தானுங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான் கார்த்தி. தரவரிசையில் செங்கோடனுக்கு அடுத்த இடத்தில் இருப்பவன். 'புல்டோசர்' என்ற பட்டப் பெயரில் குத்துச்சண்டை போடுகிறவன்.

"நான்தான் அடிச்சேன். எழுதிக்குங்க. இனிஷியல் எம்முங்க."

"பொய்யிங்க! அடிச்சது நானு!" என்றார் குப்புசாமி. மரவள்ளி விவசாயி. அறுபதைத் தாண்டியவர். சொல்லும்போதே கைத்தடியை ஊன்றிக்கொண்டார்.

"நானுங்க...!"

"ஐயா, நானு... நானு...!"

இத்தனை வருஷ சர்வீஸில் அர்த்தனாரி இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. ஒரு குற்றத்துக்கு ஒரு குற்றவாளி கிடைப்பதே பெரும்பாடு. இங்கே வரிசை கட்டி நிற்கிறார்கள்!

"நிறுத்துங்கடா! யா அல்லா... யாரும் எதையும் ஒத்துக்காதீங்கடா!"

கத்திக்கொண்டே வந்தவர் ஜெய்லானி. பேளுக்குறிச்சிக்காரர். மிளகு வியாபாரி. குத்துச்சண்டை சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

"ஏனுங்க பாய்... இவனுங்களுக்கெல்லாம் ஜெயிலுக்குப் போக அவ்வளவு ஆசையா?"

"ஜெயிலுக்கு இல்லீங்க... சென்னைக்கு! எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரு பண்ற வேலை!"

ஜெய்லானியின் மிளகு குடோனில் செங்கோடனை மூட்டைகளின் மேல் படுக்க வைத்தார்கள்.

மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் ஜெய்லானியின் மகள் சித்திகா. ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். தரவரிசை புரோகிராமை எழுதியவள்.

"முன்னெல்லாம் கமிட்டிதானுங்க ரேங்க் போடும்," என்றார் ஜெய்லானி. "கமிட்டியில அஞ்சு பேரு. அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு மச்சான். லிஸ்டுல மொத அஞ்சு எடமும் மச்சானுங்களுக்குத்தான்! அதுல ஒருத்தனுக்கு மேடையில ஏறுனாலே தல சுத்தும். எல்லாத்தையும் சாச்சுப்போட்ட செங்கோடனுக்கு ஆறாவது எடம். அதான் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். கம்ப்யூட்டருக்கு மச்சான் கிடையாதுங்களே!"

"சரி... அது எப்படி ரேங்க் போடுது?"

சித்திகா நாற்காலியைத் திருப்பினாள்.

"ரெண்டே கேள்விதானுங்க. அடிச்சது யாரு, விழுந்தது யாரு. விழுந்தவரு பத்து எண்ணுறதுக்குள்ள எந்திரிக்கக்கூடாது. ரெண்டு சாட்சி வேணும். மொத எடத்துல இருக்கிறவர யார் சாய்க்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் மொத எடம்."

"அது மேடையில அடிச்சாத்தானம்மா?"

"மேடை எங்கீங்க இருக்கு? சுத்திக் கட்டியிருந்த கயித்தையும் தை மாசம் எருமை கட்ட அவுத்துட்டுப் போயிட்டாங்க. களத்துல அடிச்சாலும் செல்லும், காட்டுல அடிச்சாலும் செல்லும்னு பாக்ஸருங்க எல்லாரும் கூடித்தான் முடிவு பண்ணாங்க. லிஸ்டு மத்தியானத்துக்குள்ள சென்னைக்குப் போகணும். மொத எடத்துல யாரு பேரு இருக்கோ, அவருக்குத்தான் மேட்ச்!"

மூட்டையின் மேல் ஒரு முனகல்.

செங்கோடன் கண் விழித்தான். கேட்ட முதல் கேள்வி...

"பத்து... எண்ணிட்டாங்களா?"

ருக்குமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டான். "வயசு முப்பத்தி மூணுங்க. இதையும் உட்டா, அடுத்து என்னைய நடுவரா வேணாக் கூப்பிடுவாங்க."

அர்த்தனாரி நோட்டைத் திறந்தார். பக்கமெல்லாம் போண்டா எண்ணெய்.

"யாருப்பா அடிச்சா?"

"பாக்கலீங்க. ஓட்டப் பயிற்சி எடுத்துட்டு ரோட்டோரமா வந்தேன். அப்பறம் பலாப்பழ வாசந்தான் தெரியும்."

அர்த்தனாரி குனிந்து தாடையை உற்றுப் பார்த்தார். வீக்கத்தின் மேல்... ஏதோ ஒட்டியிருக்கிறதே! விரலால் தொட்டார்.

பச்சைப் பெயிண்ட்!

நிமிர்ந்தார். குடோன் வாசலில் ஒப்புக்கொள்ளக் காத்திருந்தவர்களின் வரிசை, பஸ் ஸ்டாப் வரைக்கும் நீண்டிருந்தது. எல்லோரும் "நான்தான், நான்தான்" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒருவரைத் தவிர!

அந்த ஆள் மட்டும் சுவரோடு ஒட்டி நின்று, யாரும் கேட்காமலே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் பண்ணலீங்க... எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க..."

அர்த்தனாரியின் மீசை துடித்தது.

இத்தனை பேர் ஒப்புக்கொள்ளும் ஊரில், ஒப்புக்கொள்ளாதவன் ஒருவன்தான். அப்படியென்றால்...

"புடிங்க அவர!"

பிடித்தார்கள். செல்லமுத்து. 'பச்சைக்கிளி' பஸ்ஸின் டிரைவர். நேற்றுச் சாயங்காலம்தான் அந்த பஸ்ஸுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

பச்சைப் பெயிண்ட்!

"ஐயா, நான் அடிக்கலீங்க! வெத்தல துப்பலாம்னு கதவத் தொறந்தேன். 'டம்'முனு ஒரு சத்தம். நாய் ஏதோ மோதிருச்சுன்னு நெனச்சேன்."

"நாயா...?" செங்கோடனுக்குத் தாடையைவிட இது அதிகமாக வலித்தது.

"அடிச்சது கதவுதானுங்க, சாமி! வேணும்னா கதவக் கழட்டிக் கூட்டிட்டுப் போங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஊட்டுல கொன்னுபோடுவா!"

"பாத்தியாம்மா," என்றார் அர்த்தனாரி. "இது விபத்து! கணக்குல வராது. அழிச்சிரு."

சித்திகா அசையவில்லை.

"கண்ண மூடிட்டு வீசுற குத்து பட்டாலும் குத்துதானுங்க. கார்த்தியண்ணன் ஜெயிச்சதுல பாதி அப்படித்தான்."

"ஏனுங்க... எதுக்கு என்னைய இழுக்குறீங்க?" என்றான் கார்த்தி வாசலிலிருந்து.

"கண்ணு, நம்ம செங்கோடன்மா!" ஜெய்லானி கெஞ்சினார்.

"அதனாலதான் அத்தா முடியாது. எனக்குப் புடிச்சவருக்காக ஒண்ண அழிச்சா, நானும் கமிட்டி ஆயிருவேன்."

செங்கோடன்தான் மெல்லச் சொன்னான்.

"பாப்பா சொல்றது சரிதானுங்க. போடு பாப்பா."

சித்திகா தட்டினாள். திரையில் வரிகள் இடம் மாறின.

முதலிடம்: பச்சைக்கிளி.

"அது பஸ்ஸும்மா!" அலறினார் அர்த்தனாரி.

"ஆளா, வண்டியான்னு கம்ப்யூட்டருக்கு எப்படீங்க தெரியும்? 'புல்டோசர்'னு ஒருத்தரே ரெண்டாவதா இருந்தாரே!"

"பஸ்ஸு சென்னைக்குப் போகாதுங்க," என்றார் செல்லமுத்து கவலையோடு. "பெர்மிட்டு ராசிபுரம் வரைக்குந்தான்."

அர்த்தனாரி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். துப்பறியும் மூளை வேலை செய்தது.

"இரும்மா... இந்த பஸ்ஸ யாராவது ஜெயிச்சிருந்தா? அவங்களுக்குத்தான மொத எடம்? செங்கோடா, நீ எப்பவாவது இந்த பஸ்ஸத் தோக்கடிச்சிருக்கியா?"

"இல்லீங்க. எப்பவும் அது போனப்பறந்தான் நான் ஸ்டாப்புக்கு வருவேன்."

செல்லமுத்துவின் முகம் திடீரென்று மலர்ந்தது.

"ஐயா! நீங்கதானுங்க!"

"நானா...?"

"நேத்துக் காலையில காரவள்ளியில, நடுரோட்டுல நின்னு கைய நீட்டுனீங்களே! வண்டி நின்னுது. இஞ்சினும் நின்னுபோச்சு. பத்து என்னங்க... நூறு எண்ணியும் எந்திரிக்கல. அத்தன பேரும் எறங்கித் தள்ளுனமே!"

"ஆமா! நானும் தள்ளுனேன்!" என்றார் ஜெய்லானி.

"நானுந்தானுங்க! மடியில பலாப்பழத்த வெச்சுக்கிட்டு!" என்றாள் ருக்குமணி.

இரண்டு சாட்சி.

அர்த்தனாரி வாயைத் திறப்பதற்குள் சித்திகா தட்டிவிட்டாள். பிரிண்டர் 'க்ர்ர்ர்... க்ர்ர்ர்...' என்று ஒரு தாளைத் துப்பியது.

முதலிடம்: அர்த்தனாரி!

அவர் தாளை வாங்கினார். படித்தார். திரும்பவும் படித்தார். வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வராத மனிதர். பள்ளிக்கூடத்துச் சாக்கு ஓட்டத்தில்கூட, கிளம்பிய இடத்திலேயே சாக்கோடு விழுந்தவர். இப்போது... தன் பெயர்! எல்லாருக்கும் மேலே!

பெயர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அப்போது யாரோ தோளைத் தொட்டார்கள். செங்கோடன். கையில் கட்டுகிற துணிப்பட்டைகளைச் சுருட்டி அவரிடம் நீட்டினான்.

"வெச்சுக்குங்க ஐயா. அங்க நல்ல துணி கெடைக்காது. இடது கைய மட்டும் உசத்தியே வெச்சுக்குங்க. மூஞ்சி தப்பிச்சிரும்."

பொறாமை இல்லை. கோபம் இல்லை. உண்மையிலேயே அவர் மூஞ்சிக்காகக் கவலைப்பட்டான்!

அர்த்தனாரியால் அதைத் தாங்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றி ருக்குமணியிடம் கொடுத்தார்.

"அடிடா கண்ணு."

"ஐயா...?"

"நான்தான மொத எடம்? என்னைய சாச்சா நீதான மொத எடம்? அடி!"

"போலீஸ அடிச்சா கேஸ் ஆயிருமுங்க!"

"எழுத வேண்டியவன் நான்தான? எழுத மாட்டேன். நீ லேசாத் தொடு. நான் உழுந்துக்கறேன்."

"நடிச்சா செல்லாதுங்க," என்றாள் சித்திகா.

"கம்ப்யூட்டருக்குத்தான் தெரியாதேம்மா!"

"எனக்குத் தெரியுமுங்களே."

அர்த்தனாரி அவளைப் பார்த்தார். வீங்கிய தாடையோடு நின்றவனைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சரி. நெசமாவே அடி. பல்லு மட்டும் பத்திரம்."

கூட்டம் ஒதுங்கியது. செங்கோடன் கண் கலங்க, "மன்னிச்சுக்குங்க" என்றான்.

ஒரே ஒரு குத்து.

காரவள்ளியிலிருந்து மலையேறும் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் ஒரே சமயத்தில் அர்த்தனாரியின் தலைக்குள் சுற்றின. பிறகு மிளகு மூட்டை அவரை நோக்கி எழுந்து வந்தது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." ருக்குமணியின் குரல் எங்கோ ஒரு கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. "ஏழு... எட்டு..."

"ஆறு..." என்றார் குப்புசாமி.

"ஒம்பதுங்கண்ணா! பத்து!"

கண் விழித்தபோது அர்த்தனாரியின் மேல் யாரோ ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள். ஊரே விசிலடித்தது. செல்லமுத்து பஸ்ஸின் ஹாரனை விடாமல் அழுத்தினார். செங்கோடன் அர்த்தனாரியின் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

"மெயில் போயிருச்சுங்க!" என்றாள் சித்திகா. "செங்கோடண்ணன்தான் மொத எடம்!"

"ஒரு கேஸும் எழுதாம... நீதி ஜெயிச்சிருச்சு பாய்," என்றார் அர்த்தனாரி, நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்தபடி. எல்லாம் இருந்தன.

'ட்ரிங்... ட்ரிங்...!'

குடோன் போன் அலறியது. சித்திகா எடுத்தாள்.

"ஆமாங்க... சென்னைங்களா...? லிஸ்டு பாத்தீங்களா...? ஐயையோ... எப்ப இருந்துங்க...? சரிங்க... சரிங்க... அனுப்பி வெக்கிறோமுங்க."

வைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சு கண்ணு?" ஜெய்லானி பதறினார்.

"செங்கோடண்ணனோட மோத வேண்டியவருக்குப் பொன்னுக்கு வீங்கியாம் அத்தா. கன்னம் ரெண்டும் பூசணிக்காயா இருக்காம்."

"மேட்ச் இல்லையா...?" செங்கோடன் துடித்துப் போனான்.

"இருக்குங்கண்ணா! நம்ம லிஸ்டுல ரெண்டாவது எடத்துல இருக்கிறவரையும் சேத்து அனுப்பச் சொல்றாங்க. உங்க கூட அவருதான் மோதணுமாம்."

கார்த்தி சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தான்.

"நீங்க நாலாவதுங்க," என்றாள் சித்திகா. "பச்சைக்கிளி மூணாவது."

"அப்ப ரெண்டாவது...?"

அத்தனை தலைகளும் மெதுவாகத் திரும்பின.

தரையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்த அர்த்தனாரி, அப்படியே பின்னால் நகரத் தொடங்கினார்.

"ஏம்மா... என்ற எடை என்ன, அவன் எடை என்ன? அதெல்லாம் கம்ப்யூட்டர் பாக்காதா?"

"எடையக் கேட்டா யாருமே உண்மையச் சொல்றதில்லீங்க. அதனால நான் கேக்கறதே இல்ல."

"அழிச்சிரு சாமி! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"அழிச்சா நான் கமிட்டி ஆயிருவனுங்களே!"

செங்கோடன் குனிந்து, அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினான். அவர் சட்டையில் ஒட்டியிருந்த மிளகை அன்போடு தட்டிவிட்டான்.

"வெசனப்படாதீங்க ஐயா. ஞாயித்துக்கிழமைக்குள்ள நல்லாச் சாப்பிட்டுத் தெம்பாயிருங்க. இங்க நம்ம ஆளுங்கன்னு லேசாத்தான் வெச்சேன்... அங்க டிவிக்காரங்க வாராங்க பாருங்க!"