சாவியை எடுத்தும் ஓடிய ஃபியட்

ஸ்ரீலக்ஷ்மியின் அலறல் சித்திரக்குளத்தின் நாலு கரைக்கும் கேட்டது.

1996 மே மாதம். மாலை மணி மூன்று ஐம்பது. வெயில் மயிலாப்பூரை வறுத்துக்கொண்டிருந்தது.

கார் ஷெட்டின் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கறுப்பாய்ப் புகை. புகைக்குள் ஒரு ஃபியட். அறுபத்தெட்டாம் வருட மாடல்.

ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தபடி அவளுடைய கணவர் ஸ்ரீனிவாசராகவன்...

சைலன்ஸரில் செருகிய பச்சை டியூப் ஒன்று பின் ஜன்னல் வழியாகக் காருக்குள் போயிருந்தது.

"யாராவது வாங்கோளேன்... என்னன்னு பாருங்கோளேன்..."

வந்தார்கள். குக்கர் ஒரு விசில் அதிகம் அடித்தாலே எட்டிப் பார்க்கிற தெரு. அலறலுக்கு வராமல் இருக்குமா?

எதிர்வீட்டு பங்கஜம் மாமி முதல் ஆள். மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்த பரத்வாஜ் இரண்டாவது ஆள். ஸ்ரீனிவாசராகவனின் ஒரே தம்பி. டெல்லியில் மத்திய சர்க்கார் அதிகாரி. முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருந்தார்.

மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பாய்ந்த பரத்வாஜ், கார் சாவியைத் திருகிப் பிடுங்கினார்.

சாவி கையோடு வந்துவிட்டது.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது!

தடதடதடதட...

பரத்வாஜ் சாவியைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"மன்னி... நிக்க மாட்டேங்கறது."

"தள்ளு சார்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் ஷரஃபுதீன். புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் கடை வைத்திருப்பவர். சாயங்காலமானால் கடையைவிட இந்த ஷெட்டில்தான் அதிகம் இருப்பார். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு கம்பியை இழுத்தார்.

இன்ஜின் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது.

ஸ்ரீனிவாசராகவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். முகமெல்லாம் கரி. ஷரஃபுதீன் அவருடைய மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார்.

"மூச்சு கீது. ஆட்டோ கூப்புடு."

*

ஐந்து மணி.

இன்ஸ்பெக்டர் சுயம்புலிங்கம் கூடத்து நாற்காலியில் வியர்த்துக்கொண்டிருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலி. சென்னை வந்து பத்து வருஷமாகியும் பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை.

"தற்கொலைக்கு முயற்சின்னு எழுதிரட்டுமா?"

"வேணாம் சார். இது தற்கொல இல்ல," என்றார் ஷரஃபுதீன்.

"எப்படிச் சொல்லுதீரு?"

"போன மாசம் வரைக்கும் இது பெட்ரோல் வண்டி. பதினெட்டு நாளு, சாரும் நானும் ஷெட்லயே குந்திக்கினு அதுக்கு டீசல் இன்ஜின் ஏத்துனோம். இது சாவிக்கு நிக்காது, கம்பிய இழுத்தாத்தான் நிக்கும். பெட்ரோல் பொகைன்னா தூக்கத்துலயே ஆளைத் தூக்கிடும். டீசல் பொகையில கண்ணு எரியும், இருமல் வரும், எவனும் குந்திக்கினு இருக்க முடியாது. சாவணும்னு நெனைக்கிறவன் இதையா தேடிக்கினு வருவான்? எனக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே அவருதான் சார்."

"ம்..."

"டீசல் வண்டின்னு தெரியாத ஆளு எவனோ சாரை மயக்கிக் கொண்டாந்து ஒக்கார வெச்சிகிறான்."

சுயம்புலிங்கம் மீசையைத் தடவினார்.

தெரியாத ஆள் யார்?

தெருவில் எல்லோருக்கும் தெரியும். காலை ஆறு மணிக்கு அந்த இன்ஜின் போட்ட சத்தத்தில் தூக்கம் தொலைத்தவர்கள் ஒரு டஜன் பேர். அவர்களில் இரண்டு பேர் வாய்விட்டும் திட்டியிருக்கிறார்கள்.

தெரியாதவர் ஒரே ஒருவர்தான்... நேற்று வந்தவர். சாவியைத் திருகினால் நின்றுவிடும் என்று நம்பியவர்.

"நான் சொன்னேன்னு இருக்க வேண்டாம்," என்று பங்கஜம் மாமி குரலைத் தழைத்துக்கொண்டாள். அவள் அப்படி ஆரம்பித்தால் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம் வரும் என்று அர்த்தம். "நேத்து ராத்திரி அண்ணா தம்பி ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. இந்த ஆத்தை இடிச்சு ஃபிளாட் கட்டக் குடுக்கறதா கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்குக் காலம்பற ரிஜிஸ்ட்ரேஷன். அண்ணா வர மாட்டேன்னுட்டான். தம்பி, கோர்ட்டுக்குப் போய் உன்னை வெளியில தள்றேனா இல்லையா பார்னு கத்தினான். காதுல விழுந்தது."

எதிர்வீட்டுச் சண்டை காதில் விழ, மாமி தன் வீட்டு ஜன்னலை மூன்று தடவை திறக்க வேண்டியிருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

பரத்வாஜின் பெட்டியைத் திறந்தார்கள்.

மடித்த சட்டைகளுக்கு நடுவில் தூக்க மாத்திரை அட்டை. நாலு மாத்திரை குறைந்திருந்தது.

பரத்வாஜின் முகம் வெளுத்தது.

"சார், இது என்னுது இல்லை. சத்தியமா இல்லை. எனக்குப் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வித்தியாசமே தெரியாது."

"அதைத்தானே நாங்களும் சொல்லுதோம்."

"அடுத்த மாசம் என் பொண்ணு அனன்யாவுக்குக் கல்யாணம் சார். ரெண்டு நாள் உள்ளே இருந்தா வேலையிலேர்ந்து சஸ்பெண்ட் பண்ணிடுவா. சம்பந்தி வீட்டுல கல்யாணத்தை நிறுத்திடுவா."

"ஏழு மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போறோம். அவர்ட்ட சொல்லும்."

ஷெட்டுக்கு சீல் வைத்தார்கள். பரத்வாஜை ஜீப்பில் ஏற்றினார்கள். தெரு முழுக்க நின்று பார்த்தது.

*

ஸ்டேஷன். மணி ஆறு பத்து.

பரத்வாஜ் தரையில் குந்தியிருந்தார். வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டதால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சி எழுதிக் கொடுக்க வந்த ஷரஃபுதீன் பெஞ்சில்.

பங்கஜம் மாமி விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"என் ஃபேனைக் குடுங்கோ."

சுயம்புலிங்கம் நிமிர்ந்தார். "எந்த ஃபேன்?"

"ஷெட்டுல இருக்கே, பெடஸ்டல் ஃபேன். அது என்னுது. நீங்க பாட்டுக்கு அரக்கு வெச்சுப் பூட்டிட்டேள். இந்தப் புழுக்கத்துல நான் எப்படித் தூங்கறது?"

"உங்க ஃபேன் அங்க எப்படிம்மா போச்சு?"

"ராகவன்தான் ரெண்டு மணிக்கு வந்து வாங்கிண்டு போனான். பாவம், வேத்து விறுவிறுத்துக் காருக்கடியில படுத்துண்டிருக்கானேன்னு குடுத்தேன். அவனை ஆட்டோவில ஏத்தினப்புறம் உள்ள போய்ப் பார்த்தா, ஃபேன் அவன் படுத்திருந்த பக்கமே இல்லை. கார் மூஞ்சிக்கு நேரா நின்னுண்டு சுத்தறது. நான்தான் ஸ்விட்சை அணைச்சேன். கரண்ட் அவாளோடதுன்னாலும் மோட்டார் என்னுதாச்சே."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"ஷரஃபுதீன்... காருக்கு எதுக்குய்யா காத்து?"

ஷரஃபுதீன் பெஞ்சிலிருந்து எழுந்தார். அவருடைய முகம் மெல்ல மாறிக்கொண்டிருந்தது.

"கேக்கேம்லா?"

"ஃபியட் ரேடியேட்டரு சின்னது சார். டீசல் இன்ஜினுக்குப் பத்தாது. நின்ன எடத்துல ஓடுனா கா மணி நேரத்துல கொதிச்சிடும். பெருசா ஒண்ணு தேடிக்கினு கீறோம். கெடைக்கிற வரைக்கும்..."

"கெடைக்கிற வரைக்கும்?"

"முன்னால ஃபேன் வெச்சுத்தான் ஓட்டிப் பார்ப்போம்."

சுயம்புலிங்கம் பேனாவை மூடி வைத்தார்.

கொல்ல வந்தவன்... பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வித்தியாசம் தெரியாதவன்... இன்ஜின் சூடாகிவிடக் கூடாதே என்று கவலைப்படுவானா?

"சார், அப்போ நான்..." பரத்வாஜ் எழுந்தார்.

"உக்காரும். அவர் வேலை செஞ்சிக்கிட்டு இருந்தப்போ நீரு வந்து காபியில கலக்கிக் குடுத்திருக்கலாம். ஒரு ஃபேனை நம்பி உம்மை விட முடியாது." சுயம்புலிங்கம் தொப்பியை எடுத்தார். "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. ஷரஃபுதீன், வாரும். ஆஸ்பத்திரிக்கு."

ஜீப்பில் ஏறியதும் இன்ஸ்பெக்டர் அவரிடம் ஒரு விஷயம் சொன்னார்.

"என் தோஸ்து சார் அவரு," என்றார் ஷரஃபுதீன்.

"உள்ள இருக்கவன் நிரபராதியா இருந்தா?"

ஷரஃபுதீன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி சார்," என்றார்.

*

நர்ஸிங் ஹோமில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"பல்ஸ் நார்மல். பிரஷர் நார்மல். மாத்திரையோட மயக்கம்கூட இந்நேரம் தெளிஞ்சிருக்கணும். கண்ணை மட்டும் திறக்க மாட்டேங்கிறார்."

கட்டிலில் ஸ்ரீனிவாசராகவன். பக்கத்தில் அவருடைய கையைப் பிடித்தபடி ஸ்ரீலக்ஷ்மி. அழுதழுது கண்கள் சிவந்திருந்தன.

சுயம்புலிங்கம் தொண்டையைக் கனைத்தார்.

"ஏன் ஷரஃபுதீன், அந்த இன்ஜினைப் பாத்தீரா?"

"பாத்தேன் சார்." குரல் கம்மியது. "அவ்ளோதான். ஜாம் ஆயிடுச்சி. பிஸ்டனெல்லாம் புடிச்சிக்கிச்சு."

கட்டிலில் ஒரு இமை துடித்தது.

"ரிப்பேர் பண்ண முடியாதா?"

"சூட்டுல வெந்துடுச்சி சார். கழட்டி எடைக்குப் போட வேண்டியதுதான்."

ஸ்ரீனிவாசராகவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்!

"எப்படி வேகும்? பங்கஜம் மாமியாத்து ஃபேனை வெச்சுட்டுத்தானே நான் ஸ்டார்ட்டே பண்ணினேன்..."

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

ஸ்ரீலக்ஷ்மி அவர் கையை விட்டாள். சுட்டதுபோல விட்டாள்.

"அப்போ பரத்வாஜ் பெட்டியில இருந்தது என் தூக்க மாத்திரையா? நீங்கதான் கொண்டுபோய் வெச்சேளா?"

"லக்ஷ்மி... உனக்குத் தெரியாது. ஃபிளாட்டுல ஷெட் கிடையாதாம். தரையில ஒரு கோடு போட்டு, இதுக்குள்ள நிறுத்திக்கோங்கறான். பானெட்டைத் திறக்கப்படாதாம். அசோசியேஷன் ரூலாம்."

"அதுக்காகக் கூடப் பிறந்தவனை ஜெயிலுக்கு அனுப்புவேளா?"

"ரிஜிஸ்ட்ரேஷன் நிக்கற வரைக்கும்தான்... ஒரு மாசம்... அப்புறம் நானே கேஸை வாபஸ் வாங்கிண்டிருப்பேன்."

"அடுத்த மாசம் அனன்யாவுக்குக் கல்யாணம்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

சுயம்புலிங்கம் டாக்டரின் போனை இழுத்து ஸ்டேஷனைக் கூப்பிட்டார்.

"அந்த டெல்லிக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் குடுய்யா. வாட்சையும் குடுத்துரு."

ரிசீவரை வைத்துவிட்டு ஸ்ரீனிவாசராகவனிடம் திரும்பினார். "கெளம்புங்க சாமி."

ஸ்ரீனிவாசராகவன் செருப்பைத் தேடி மாட்டினார். வாசல் வரை போனவர் நின்றார். ஷரஃபுதீனைப் பார்க்கத் தைரியம் வராமல் இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

"நிஜமாவே இன்ஜின் ஜாம் ஆயிடுத்தா?"

"இன்ஜின் ஜம்முனு இருக்கு. அதுக்குத்தான் காத்து வெச்சீங்களே," என்றார் சுயம்புலிங்கம். "நாங்க உங்களுக்குக் குடுக்கப் போற ரூம்லதான் ஃபேன் கெடையாது, பாத்துக்கிடுங்க."