டெய்லர் அப்பாவின் முப்பத்தஞ்சு

டெய்லர் அப்பாவிடம் யாரும் அளவைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. எடுத்தால் கால்மணி நேரம் போய்விடும்.

“இருபது வருஷமா இதே டேப்! ஸ்கேல் வச்சு அளக்கறதெல்லாம் கத்துக்குட்டிங்க வேலை!” என்று கழுத்தில் தொங்கும் டேப்பைப் பதக்கம் மாதிரி தடவிக்கொள்வார். கடைக்கு வந்தவர்கள் தலையாட்டுவார்கள். ஆட்டாவிட்டால் சட்டை ஒரு வாரம் தள்ளிப்போகும்.

அன்று தெருமுனை மருத்துவமனையிலிருந்து நர்ஸ் வந்தார்.

“டெய்லர் சார், நாளைக்கு இதயப் பரிசோதனை. போன வருஷம் உங்க அண்ணனுக்கு மாரடைப்பு வந்துச்சே, நீங்க அவசியம் வரணும். இடுப்பை இப்பவே அளந்துக்கறேன்.”

“எனக்கு நீங்க அளக்கறதா?” அப்பா சிரித்த சிரிப்பில் நூல்கண்டு உருண்டு ஓடியது. டேப்பைத் தானே தொப்புள் மேல் சுற்றினார். “முப்பத்தஞ்சு. எழுதிக்குங்க.”

“முப்பத்தஞ்சரையைத் தாண்டினா ஆபத்து. தாண்டலைன்னாலும் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டா...”

“அதான் தாண்டலையே! ரத்தம் கித்தமெல்லாம் எதுக்கு?”

கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள் அவருடைய பத்து வயது மகள். அப்பா அவளை ‘வாயாடி’ என்றுதான் கூப்பிடுவார். பெரியப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றியது அவளுக்கு நினைவு வந்தது. நர்ஸின் பின்னாலேயே ஓடினாள்.

“அக்கா, வயிறு பெருசானா இதயத்துக்கு என்ன?”

“வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு சும்மா இருக்காதும்மா. ரத்தத்துல சர்க்கரையை ஏத்தும், அழுத்தத்தை ஏத்தும். கஷ்டப்படறது இதயம். வலி இல்லாமலே நடக்கும். அதனாலதான் முன்கூட்டியே பார்க்கச் சொல்றோம்.”

சாயந்தரம் அவள் வெட்டுமேசையில் வீட்டுப்பாடம் எழுதினாள். கோடு போட எடுத்த ஸ்கேல் அப்பாவின் டேப் பக்கத்தில் கிடந்தது. இரண்டையும் பார்த்தவள் திடுக்கிட்டாள்.

கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். அப்பா அவர்களிடம் தன் பெருமையை அளந்துகொண்டிருந்தார். வாயாடி உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர்கள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு கதவையும் சாத்தினாள்.

“அப்பா, இங்கே பாருங்க.”

ஸ்கேல் பன்னிரண்டு இஞ்ச்சில் முடிந்தது. டேப்பின் பன்னிரண்டு, அதையும் தாண்டி ஒரு இஞ்ச் தள்ளி இருந்தது.

“உன் ஸ்கேல் சுருங்கிப்போச்சு,” என்றார் அப்பா.

வாயாடி மேசை டிராயரில் பிரிக்காமல் கிடந்த புது டேப்பை எடுத்து வைத்தாள். அதுவும் ஸ்கேலும் ஒத்துப்போயின.

“இதுவும் சுருங்கிடுச்சாப்பா? நீங்க இழுத்து இழுத்து உங்க டேப்தான் நீண்டுபோச்சு.”

“நீண்டுபோன டேப்ல அளந்தா எல்லாருக்கும் சட்டை எப்படிப் பொருந்துதாம்?”

“அதுலதான் அளக்கறீங்க. அதுலயேதான் வெட்டறீங்க. துணிக்கு எப்படித் தெரியும்?”

அப்பா புது டேப்பை இடுப்பில் சுற்றினார். முப்பத்தெட்டு. மூச்சை இழுத்துப் பிடித்தார். அப்போதும் முப்பத்தேழு.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சின்னக் குரலில் கேட்டார்: “ரத்தம் எடுக்க ஊசி குத்துவாங்களாடி?”

“நாள் பூரா ஊசியும் கையுமா இருக்கறவர் கேக்கற கேள்வியா இது?”

“அது துணியைக் குத்தற ஊசிடி!”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. “நான் கூட வரேன்ப்பா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

மறுநாள் மருத்துவமனையில் அப்பா கண்ணை இறுக்க மூடி, அவள் கையை நசுக்கினார்.

“முடிஞ்சுது சார்,” என்றார் நர்ஸ்.

“இவ்வளவுதானா!” கண்ணைத் திறக்காமலே அப்பா அடுத்து நின்றவருக்குத் தைரியம் சொன்னார். “பயப்படாதீங்க. நான் பயந்தேனா பாருங்க!”

மூன்றாம் நாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். “சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. அழுத்தமும் கொஞ்சம் கூட. நல்லவேளை, இப்பவே வந்தீங்க. இனிப்பைக் குறைங்க, தினமும் நடங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்.”

அடுத்த நாள் காலையில் அப்பாவும் மகளும் பூங்காவரை நடந்து திரும்பினார்கள். எதிரே வந்த பால்காரர் நின்றார்.

“என்ன டெய்லரே, நடையா? எவ்வளவு தூரம்?”

“அஞ்சு கிலோமீட்டர்!” என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

ஒன்றுகூட இருக்காது. ஆனால் வாயாடி அன்றைக்கு வாயே திறக்கவில்லை. நாளைக்கும் அவர் நடக்க வேண்டுமே!